எங்க வீட்டு பிரதர்!

அக்காவிடமிருந்து காலை ஆறு மணிக்கு போன் வந்தால் இரண்டே காரணம்தான் இருக்கும். ஒன்று, ஊரில் யாரோ மண்டையைப் போட்டிருப்பார்கள். இரண்டு, அத்தான் யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார்.

அன்றைக்கு மூன்றாவதாக ஒரு காரணம் முளைத்திருந்தது.

"தம்பி, உன் மருமகன் நர்ஸுக்குப் படிக்கப் போறானாம்டா!"

"நர்ஸுக்கா..?"

"ஆமா. ஊர்ல ஒருத்தன் பாக்கியில்லாமச் சிரிக்கிறாய்ங்க. உங்க அத்தான் ரெண்டு நாளாத் தறிக்குப் போகல."

அந்த ஒருத்தன் பாக்கியில்லாத கணக்கில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம். நானும் சிரித்தேன். அக்கா பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

என்ன செய்வது ஸார், வளர்ந்த இடம் அப்படி! அருப்புக்கோட்டையை ஒட்டினாற்போல இருக்கிறது எங்கள் பாளையம்பட்டி. ஒரு பக்கம் தறிச் சத்தம். இன்னொரு பக்கம் திருச்சுழி வரைக்கும் கரிசல் காடும் சீமைக் கருவேலமும். மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் கரிமூட்டம். இந்த ஊரில் ஆம்பளைப் பிள்ளை ப்ளஸ் டூ முடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மார்க் வந்தால் இன்ஜினீயரிங். வராவிட்டால் பாலிடெக்னிக். நெஞ்சளவு வந்தால் போலீஸ், பட்டாளம். எதுவுமே வராவிட்டால் பி.காம். (அடியேன்!) நர்ஸ் வேலையை ஆண்டவன் கேரளத்துச் சேச்சிகளுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறான் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

அரை மணி கழித்து அக்காவே மறுபடி கூப்பிட்டாள். "நீ எழுதுறவன். எடுத்துச் சொன்னாக் கேப்பான்." மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதி, மிச்ச நேரத்தில் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஊரில் இப்படி ஒரு மரியாதை. மதுரையில் பஸ் ஏறினேன், பையன் மனசை மாற்ற.

மருமகன் திண்ணையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். நேரடியாக ஆரம்பித்தேன்.

"ஏண்டா, உனக்கு வேற படிப்பே கெடைக்கலையா?"

"மாமா, போன வருஷம் தாத்தாவை யாரு காப்பாத்துனது?"

"டாக்டர்தான்."

"நீங்க அன்னிக்கு ராத்திரி அங்க இல்லல்ல..." என்றான், மெதுவாக.

இல்லைதான். என் அப்பா விடிகாலையில் மிளகாய்க்குத் தண்ணி பாய்ச்சப் போன இடத்தில் சுருட்டை விரியன் போட்டுவிட்டது. பார்க்கச் சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அது கடித்தால் ரத்தம் உறையாது. நான் மறுநாள் பத்து மணிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ச் சேர்ந்தேன். அப்பாவை பைக்கில் நடுவில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது இந்தப் பயல்தான்.

அங்கே நடந்ததை அவன் சொன்னதிலிருந்துதான் எனக்கே தெரியும். டியூட்டியில் ஒரு ஆண் நர்ஸ். பெண் நர்ஸை 'சிஸ்டர்' என்கிறோம் இல்லையா, அதனால் இவர் 'பிரதர்'. யாரோ இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்து முதலில் ஒரு சத்தம் போட்டாராம். (கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. காலை ஆட்டாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவே. சினிமாக்காரர்கள் கவனிக்க!) டாக்டர் பார்த்துச் சொன்னதும், சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து நிறுத்தி வைத்தார். இருபது நிமிஷம். குழாயை ஆட்டக் கூடாது, அசைக்கக் கூடாது. இருபதாவது நிமிஷம் மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் மூச்சு விடலாம். தண்ணியாக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

ஓடியது.

விஷமுறிவு மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். அந்த மருந்தே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அரிப்பு வரும், மூச்சு இறுகும், பிரஷர் சரியும். அதற்கு மாற்று ஊசியைக் கையருகில் தயாராக வைத்துக்கொண்டு ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். டாக்டர் வந்தார், பார்த்தார், எழுதினார், அடுத்த கேஸுக்கு ஓடினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, ஒற்றை டாக்டர். பக்கத்தில் நின்றது பிரதர்தான். "பெரியவரே, என் பேச்சு கேக்குதா? ஈறுல ரத்தம் வருதா? ஒண்ணுக்குப் போனப்ப என்ன கலர்ல வந்துச்சு?" என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தாராம்.

"அவரு ஒரு தடவைகூட உக்காரல மாமா" என்றான் பயல்.

நான் மனசு மாற்ற வந்த ஆள். பேச்சை மாற்றினேன்.

*

அத்தான் என்னைத் தனியாகக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "மாப்ள, அவன் புடிச்ச புடியில நிக்கிறான். சரி, நர்ஸுதான? நாலு வருஷம் எதுக்குச் செலவழிக்கணும்? ஒரே வருஷத்துல முடிக்கிற எடம் ஒண்ணு இருக்கு. அட்வான்ஸ் அஞ்சாயிரம் கட்டிட்டேன்."

அத்தானின் கையெழுத்தை எமனிடம் காட்டினால்கூட அவன் கடன் கொடுப்பான். அப்படிப்பட்ட நம்பகமான ஏமாளி! மறுநாள் அவரோடு போனேன். ஒரு டவுனில் பேக்கரிக்கு மேலே மாடி. வாசலில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய வெள்ளைக்காரப் பெண்ணின் படம். உள்ளே இரண்டு பெஞ்சு, ஒரு எலும்புக்கூடு. எலும்புக்கூட்டுக்கு இடது கை இல்லை.

"எங்க சர்ட்டிபிகேட் வேர்ல்டு பூரா செல்லும் சார்" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர்.

"வேர்ல்டு இருக்கட்டும். சென்னையில செல்லுமா? தமிழ்நாடு நர்ஸுகள் கவுன்சில்ல பதிவு பண்ணலாமா?"

அவர் பேக்கரியிலிருந்து டீ வரவழைத்தார். இந்த மாதிரிக் கேள்விக்கு ஒருத்தர் டீ வாங்கிக் கொடுத்தால், பதில் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள மாநில கவுன்சிலில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். இது இன்றைக்கு நேற்று வந்த சமாசாரம் இல்லை. மெட்ராஸ் மாகாணத்தில் 1926-லேயே நர்ஸுகளுக்கென்று சட்டம் போட்டுவிட்டார்கள். பதிவுக்கு உரிய படிப்புகள் நாலு வருஷ பி.எஸ்ஸி. நர்சிங், மூன்று வருஷ டிப்ளமோவான ஜி.என்.எம்., கிராம சுகாதார நர்ஸம்மாக்கள் படிக்கிற ஏ.என்.எம். ஆறு மாசம், ஒரு வருஷம் என்று விற்கிற 'நர்சிங் அசிஸ்டென்ட்' காகிதத்தை வைத்துக்கொண்டு ஏதாவது கிளினிக்கில் எடுபிடியாக நிற்கலாம். நாற்பது வயசிலும் அதே எடுபிடிதான். கவர்ன்மென்ட் பரீட்சை எழுத முடியாது, மேல்படிப்புக்குப் போக முடியாது, வெளிநாட்டு விமானத்தை அண்ணாந்து பார்க்க மட்டும் முடியும். பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கல்லூரி கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பி.எஸ்ஸி. என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டியலிலும். அஞ்சு நிமிஷ வேலை.

அத்தானின் ஐயாயிரம் திரும்பி வரவில்லை. கணக்குப் பாஷையில் அதை வாராக் கடன் என்போம். ஆனால் பையனின் ஒரு வருஷம் மிச்சம்.

வருகிற வழியில் அத்தான், "இருந்தாலும் மாப்ள, இது பொம்பளை வேலை இல்லையா?" என்றார்.

நான் அதற்குள் கொஞ்சம் படித்துவிட்டிருந்தேன். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1854-ல் 38 பெண்களைக் கூட்டிக்கொண்டு துருக்கியிலிருந்த ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனாரே, அதற்கு முன்னால் அந்த ராணுவ ஆஸ்பத்திரிகளில் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்கள் ஆண் சிப்பந்திகள்தான். அம்மையார் விளக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தது மட்டும்தான் நமக்குத் தெரியும். உண்மையில் அவர் பெரிய கணக்குப்பிள்ளை! போரில் காயம்பட்டுச் செத்தவர்களைவிட ஆஸ்பத்திரி அழுக்கில் நோய் தொற்றிச் செத்தவர்கள் அதிகம் என்று வண்ணப் படம் போட்டு பிரிட்டிஷ் சர்க்காரையே மடக்கினார். லண்டன் புள்ளிவிவரச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் அவர். எனக்கு அம்மையார் மேல் அன்றைக்குத்தான் பாசம் வந்தது. இனம் இனத்தோடு!

நம் பக்கமும் இதில் லேசுப்பட்டதில்லை. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-லேயே நர்ஸ் பயிற்சி ஆரம்பித்துவிட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-ல் தொடங்கிய நர்ஸ் பள்ளி, 1946-ல் பட்டப்படிப்புக் கல்லூரியாக வளர்ந்தது. சுதந்திரத்துக்கு முன்னாலேயே நர்சிங்கில் டிகிரி!

அத்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சம்பளம் எவ்வளவு வரும்?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நான் ஆள் இல்லை. அப்பாவைக் காப்பாற்றிய பிரதரைத் தேடிப் போனோம்.

*

நைட் டியூட்டி முடிந்து டீக்கடைக்கு வந்தார். முப்பத்தைந்துக்குள் இருக்கும். கண் சிவந்திருந்தது. அப்பாவை நினைவிருக்கிறதா என்றேன். "சுருட்டை, வலது கணுக்கால்" என்றார். முகத்தை அல்ல, காலை ஞாபகம் வைத்திருந்தார்.

"இந்த வேலைக்கு வரலாமாங்கண்ணே?" என்று பயல் கேட்டான்.

அவர் சிரித்தார். "மொதல்ல கெட்டதைச் சொல்லிர்றேன் தம்பி."

சொன்னார். பி.எஸ்ஸி. முடித்ததும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறாயிரம் ரூபாய். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். பாதியில் போனால் பணம் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அப்புறம் 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சை எழுதி அரசு வேலை. வீட்டில் கிடா வெட்டினார்கள். சம்பளக் கவரைப் பிரித்தால் தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய்! இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று எதிர்பார்ப்பு. இரண்டு வருஷம் போனது, நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பர் கடைசியில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தமிழ்நாடு முழுக்க இருந்து நர்ஸுகள் வந்து உட்கார்ந்தார்கள். இவரும் உட்கார்ந்தார். மூன்று நாள். ஐகோர்ட் தலையிட்ட பிறகுதான் கலைந்தார்கள். அடுத்த வருஷம் 14,000 ஆனது, பிறகு 18,000. காலியிடம் ஆக ஆகத் தவணை முறையில் நிரந்தரம். இவருக்கும் இப்போது ஆகிவிட்டது.

"கொரோனாவுல சேர்ந்த பிள்ளைக கதி இதைவிட மோசம்ணே. கவச உடுப்பு போட்டுக்கிட்டு பாத்ரூம்கூடப் போகாம நின்னாய்ங்க. 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோட ஒப்பந்தம் முடிஞ்சுதுன்னுட்டாங்க." ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். கொரோனா நாளில் நாம் மொட்டை மாடியில் நின்று தட்டிய தட்டுச் சத்தம் அவர்கள் காதில் இன்னும் இருக்கிறதா, தெரியவில்லை.

தனியார் ஆஸ்பத்திரி சம்பளத்துக்கும் ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. சுப்ரீம் கோர்ட் 2016 ஜனவரியில் உத்தரவு போட்டு, மத்திய அரசு ஒரு கமிட்டி அமைத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரி என்றால் அந்த மாநில அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இது கமிட்டியின் சிபாரிசு. கேரளாவில் நர்ஸுகள் சங்கம் வைத்து, விடாமல் சண்டை போட்டு, 2018 ஏப்ரலில் குறைந்தபட்சம் 20,000 என்று அரசாணையே வாங்கிவிட்டார்கள். இங்கே?

"மதுரையில புதுசா வர்ற பையனுக்கு இன்னிக்கும் பன்னெண்டு, பதினஞ்சுதாண்ணே" என்றார்.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் டீ கிளாஸைப் பார்த்தேன்.

"இனி நல்லதைச் சொல்லவா?" என்றார் பிரதர்.

சொன்னார். முதல் இரண்டு வருஷம் சம்பளத்தைப் பார்க்கக் கூடாதாம், வார்டைப் பார்க்க வேண்டுமாம். ஐ.சி.யு., எமர்ஜென்சி, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர்... எங்கே கை பழகுகிறதோ அதுதான் பிற்பாடு சோறு போடும். பத்துப் படுக்கை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டே அஞ்சு வருஷம் ஓட்டினால் அனுபவம் அஞ்சு வருஷம் இல்லை, ஒரே வருஷத்தை அஞ்சு தடவை வாழ்ந்த மாதிரி. வார்டு இன்சார்ஜ், சூப்பரிண்டெண்ட் என்று ஏணி இருக்கிறது. ஜி.என்.எம். முடித்தவர்கள் இன்னும் இரண்டு வருஷம் படித்து பி.எஸ்ஸி. ஆகலாம். அதற்கு மேல் எம்.எஸ்ஸி. தீவிர சிகிச்சைக்கென்றே நர்ஸ் பிராக்டிஷனர் என்று இரண்டு வருஷ மேல்படிப்பும் வந்திருக்கிறது. எய்ம்ஸ் மாதிரி மத்திய அரசு ஆஸ்பத்திரியில் நர்சிங் ஆபீசர் என்றால் ஏழாவது ஊதியக் கமிஷன்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். ஆனால், "எய்ம்ஸ்ல 2019-ல ஒரு முடிவெடுத்தாங்க. நூத்துக்கு எம்பது எடம் பொண்ணுகளுக்கு. நமக்கு இருபது. அதனால தம்பி, நாம நாலு மடங்கு படிக்கணும்."

"ஃபாரின்?" என்றார் அத்தான். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த கண் திறந்துகொண்டது.

வளைகுடாவுக்கு ஒரு பரீட்சை, இங்கிலாந்துக்கு ஆங்கிலத் தேர்வும் செய்முறைத் தேர்வும், அமெரிக்காவுக்கு வேறொரு பரீட்சை, ஜெர்மனிக்கு ஜெர்மன் பாஷை. ஏஜென்ட்டிடம் போகுமுன் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைப் பார்க்கச் சொன்னார். 1978-லிருந்து இருக்கிறது, நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. 2015-ல் வெளியான கேரளச் சமாசாரம் ஒன்றைச் சொன்னார். குவைத்துக்கு நர்ஸ் எடுத்த ஒரு கொச்சி ஏஜென்ஸி, தலைக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 19.5 லட்சம் வாங்கியதாக சி.பி.ஐ. வழக்குப் போட்டது. என் உத்தியோகத்தில் புள்ளி இடம் மாறினால் ராத்திரி தூக்கம் வராது. அங்கே புள்ளி தெரிந்தேதான் மாறியிருக்கிறது! அந்த வருஷம்தான், வளைகுடா உள்ளிட்ட பல நாடுகளுக்கு நர்ஸ் போவதென்றால் அரசு நிறுவனங்கள் மூலமாகத்தான் போக வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது.

எழுந்திருக்கும் முன் நான் ஒரு கேள்வி கேட்டேன். "ராத்திரி பூரா என்னத்தைங்க எழுதிக்கிட்டே இருந்தீங்க?"

பையிலிருந்து ஒரு காலி பாரத்தை எடுத்துக் காட்டினார். இடது பக்கம், உள்ளே போனது: டிரிப்ஸ் எவ்வளவு, குடித்த தண்ணீர் எவ்வளவு. வலது பக்கம், வெளியே வந்தது: சிறுநீர், வாந்தி. மணிவாரியாக. கீழே கூட்டல், வித்தியாசம். எனக்குச் சிலிர்த்துவிட்டது ஸார்! வரவு, செலவு, கையிருப்பு... அச்சு அசல் ரொக்கப் புத்தகம்! உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒத்துவரவில்லையென்றால் கிட்னி தகராறு பண்ணுகிறது என்று அர்த்தம். விரியன் கடியில் கிட்னிதான் அடுத்துப் போகும். என் கணக்கில் தப்பு வந்தால் ஆடிட்டர் திட்டுவார். இவர் கணக்கில் தப்பு வந்தால்?

"எழுதாத வேலை எங்களுக்குச் செய்யாத வேலைண்ணே" என்றார். "மறுநாள் கேஸு கீஸுன்னு வந்தா, பேசுறது இந்தப் பேப்பர்தான்."

*

அன்றைக்கு ராத்திரி நான், அத்தான், அக்கா மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கவுன்சலிங்கில் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தாலும், ஹாஸ்டல், புஸ்தகம் எல்லாம் சேர்த்து நாலு லட்சம் கடன் வாங்க வேண்டியிருக்கும். நாலு லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் பாங்க்கில் கல்விக் கடன் உண்டு. ஆக, வாழ்நாளில் முதல் தடவையாக அத்தான் கையெழுத்துக்கு ஒரு நல்ல வேலை! அரசுப் பள்ளியில் படித்த பையன் என்பதால் 2024-ல் ஆரம்பித்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய். பத்து சதவீத வட்டி, பத்து வருஷம் என்று வைத்தால் தவணை மாசம் 5,300 பக்கம் வருகிறது. படிக்கிற காலத்து வட்டி தனி. சம்பளம் பன்னிரண்டாயிரம். அதில் மதுரை ரூம் வாடகை, சாப்பாடு.

"முதல் மூணு வருஷம் நஷ்டக் கணக்குத்தான்" என்றேன். பொய் சொல்லித் தேற்ற மனசு வரவில்லை.

அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இன்ஜினீயரிங் படிச்சிட்டு மேலத் தெருப் பய சாப்பாடு டெலிவரிதான பண்றான்? அந்த நஷ்டத்துக்கு இந்த நஷ்டம் எவ்வளவோ மேல்" என்றாள். பி.காம். படிக்காமலே சிலருக்கு இது வந்துவிடுகிறது.

பையன் சேர்ந்துவிட்டான். பாளையம்பட்டியில் சிரித்தவர்களில் இரண்டு பேர், வீட்டில் பிரஷர் பார்க்கிற மெஷின் எந்தக் கம்பெனி வாங்கலாம் என்று அவனுக்கு போன் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். 'நர்ஸுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?' என்ற கேள்வி மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

முதல் லீவுக்கு வந்திருந்தான். "ஆறு மாசமா என்னடா சொல்லிக் குடுத்தாய்ங்க?" என்றேன்.

"கை கழுவ. அப்புறம், பெட்டு விரிக்க."

நாலு லட்சம் கடன் வாங்கி, படுக்கை விரிக்கவா! அத்தான் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

பயல் ஒன்றும் சொல்லவில்லை. தாத்தாவை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தான். பழைய கட்டில், பழைய ஜமக்காளம், மேலே ஒரு வெள்ளை வேட்டி. சுருக்கம் இல்லாமல் இழுத்து, நாலு மூலையிலும் தபால் கவர் மடிக்கிற மாதிரி மடித்து, அடியில் செருகினான். ஒரு கோடு இல்லை. ஒரு நாணயத்தைப் போட்டால் எகிறும்போல இருந்தது. சுருக்கம் இருந்தால் எழுந்திருக்க முடியாத நோயாளிக்கு அந்த இடத்தில் புண் வரும் என்றான். அதற்காக வார்டன் மேடம் மூன்று தடவை பிரித்துப் போட்டு மறுபடி விரிக்கச் சொன்னாராம்.

"வாங்க தாத்தா, படுங்க."

அப்பா கட்டிலைச் சுற்றி வந்து ஒரு தடவை பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லாருக்குடா..." என்றார். அப்புறம் பாயை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனார். "கசங்கிரும்ல!"